கூடைக்குள் அடித்த போன்

புனே

அன்பு மகாலட்சுமிக்கு,

வேலுசாமி எழுதுறது. இங்க நான் நல்லா இருக்கேன். நீயும் பாப்பாவும் சொகமா? அத்தைக்கு முட்டிவலி தேவலையா? சோழபுரத்துல மழை உண்டா?

போன் போகலைன்னு பயந்திருப்ப. ஒண்ணுமில்ல, சிரிச்சுராத. பழைய போனுகளப் பிரிச்சு, பேட்டரி வேற போர்டு வேறன்னு எடுக்குறதுதான இங்க வேலை. சாப்பிடப் போகையில என் போனை மேசையில வச்சுட்டுப் போனேன். யாரோ அதையும் சேத்து அள்ளிக் கூடையில போட்டுட்டாக. திரும்பி வந்தா, செத்த போனுக கெடக்குற கூடைக்குள்ள ஒண்ணு அடிக்குது. அம்புட்டுப் பேரும் வெலவெலத்துப் போயிட்டோம். நீ கூப்பிட்டா அடிக்கிற பாட்டாச்சேன்னு நான் ஓடுறதுக்குள்ள பக்கத்து மேசை ஒடிசாக்காரர் அதை எடுத்து, கைப்பழக்கத்துல முதுகைப் பேத்து பேட்டரிய உருவிட்டாரு. போனு செத்துப்போச்சு, சிம்மும் ஒடிஞ்சுபோச்சு. பாவம், அவரு அன்னைக்குச் சாப்பிடவே இல்ல.

இம்புட்டு நாளும் நான் பிரிச்ச போனுகள்லயும் யாராச்சும் யாரையாச்சும் கூப்பிட்டிருப்பாகள்லன்னு அப்பத்தான் தோணுச்சு.

அவரு போன்ல இருந்து கூப்பிடலாம்னா, உன் நம்பர் தெரியல. எப்பவும் உன் பேரைத் தொட்டே கூப்பிட்டுப் பழகிட்டேன். நம்பரைப் பெருசா எழுதி அனுப்பு. சிம் உன் பேர்ல இருக்கதால, ராஜபாளையம் போயி அதே நம்பரை வாங்கி அனுப்பணும். கொஞ்சம் பருப்புப்பொடியும் வையி.

வேலைக்கு மணி அடிச்சிருச்சு, வாரேன்.

வேலுசாமி

மத்தியானத்துல நீ கூப்பிட மாட்டியே. அன்னைக்கு எதுக்குக் கூப்பிட்ட?