பொத்தான் திரைக்குக் கீழே

செவ்வாய்க்கிழமை

யானை வயலுக்குள் இறங்கினால் முறைப்பாடு அனுப்பவென்று நான் செய்த செயலியை ஒட்டுசுட்டானில் வயல் செய்யும் தவராசா அண்ணையிடம் கொடுத்திருந்தேன். இன்று போய்ப் பார்த்தால், நிரப்பிய படிவம் அவருடைய போனிலேயே கிடக்கிறது.

"அனுப்புற பொத்தான் எங்கை தங்கச்சி?"

"கீழை தள்ளுங்கோ அண்ணை."

"தள்ளினனான், அசையேல்லை. நான்தான் பிழையா அமத்திப்போட்டனோ?"

கண் தெளிவில்லாததால் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். அதனால் பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டது. நேற்றும் யானை வந்ததாம். "பாக்கிறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மாலை முழுதும் இதோடுதான். விரலால் தள்ளினால் நகரும் ஸ்குரோல் பகுதியின் நான்கு பக்கங்களையும் திரையின் ஓரங்களோடு கட்டியிருக்கிறேன். கணினி ஒரு பிழையும் காட்டவில்லை. கடைசியில், பொத்தானின் அடியை, ஸ்குரோலுக்குள் இருக்கும் படிவத்தின் அடியோடு கட்டாமல் விட்டதைக் கண்டேன். அது இல்லாமல் உள்ளே எவ்வளவு உயரம் என்று ஸ்குரோலுக்குத் தெரியாது. கட்டியதும் கீழே நகர்ந்தது. ஆனால் இப்போது பக்கவாட்டிலும் நகர்கிறது. ஏன் என்று விளங்கவில்லை.

அண்ணைக்குப் போன் எடுத்து, பிழை என்னுடையதுதான், திருத்திய செயலியைப் போடவேணும் என்றேன்.

"அப்ப, புதுசைப் போட்டால் நான் எழுதினது அழிஞ்சிடுமோ?"

அதை நான் யோசிக்கவேயில்லை. தெரியாது என்றேன். இப்போதும் தெரியவில்லை.