மழை பார்த்து வந்த மசக்கை

"இறுகினது போதும்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?" என்று ஒருநாள் நீ என்னிடம் கேட்டாய்.

'அது' என்று நீ சொன்னது ஒரு நட்டை. உன் அண்ணனுடைய காரின் அடியில் புகைக்குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த, சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிய நட்டு. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவன் அல்லவா, நீளமாகப் பதில் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி. போதும்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?" என்று மறுபடியும் அதையே கேட்டாய்.

இன்று காலை நாகர்கோவிலில் ஒரு ஒர்க்ஷாப்பில் உட்கார்ந்திருந்தேன். நம் மூத்தவளின் காரில் சைலன்சர் மாற்றவேண்டியிருந்தது. காரைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தி, மெக்கானிக் ஒரு நீளக் கம்பி போன்ற ஸ்பானரால் போல்ட்டுகளை இறுக்கினார். ஒவ்வொன்றிலும் சரியான அளவு வந்ததும் அந்த ஸ்பானர் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டது. அவர் உடனே கையை எடுத்தார். என்ன சத்தம் அது என்று கேட்டேன். "போதும்னு சொல்லுது சார்" என்றார்.

உன்னிடம் சொல்லத் திரும்பினேன். பக்கத்து ஸ்டூலில் மகளின் கைப்பை இருந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நமக்கு முதலில் தங்கிய கரு நிலைக்கவில்லை. இரண்டாவது தங்கியபோது, மாதம் தவறாமல் வந்து காட்டிப்போக வேண்டும் என்று நெய்யூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். பூதப்பாண்டியிலிருந்து நெய்யூருக்கு பஸ் மாறிப் போகவேண்டும். பஸ்ஸின் குலுக்கல் உனக்கு ஆகாது என்று உன் அண்ணன் ஒரே பிடிவாதமாக நின்றார். அவர் அப்போதுதான் ஒரு பழைய பிளஷர் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கியிருந்தார். மேலே துணிக்கூரை. பக்கங்களில் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் பின்சீட்டைச் சுற்றி கான்வாஸ் படுதாவை இறக்கிப் பொத்தான் போட வேண்டும். "எனக்க வண்டியில போறது ஊஞ்சல்ல ஆடுத மாதிரி இருக்கும் மக்கா" என்று உன்னைக் கூட்டிப்போனார்.

நீ பின்சீட்டின் இடது மூலையில் உட்காருவாய். நான் முன்னால், அவருக்குப் பக்கத்தில். ஆண்பிள்ளைகள் முன்னால் இருப்பதுதான் அன்றைய வழக்கம்.

முதல் பயணம் நல்லபடியாக முடிந்தது. அடுத்த மாதம் வீட்டுக்கு வந்து இறங்கும்போது உனக்கு நிற்க முடியவில்லை. தலைவலி, குமட்டல், கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அதற்கடுத்த மாதமும் அப்படியே.

"வயித்துப் பிள்ளைக்காரிக்கு தலை சுத்தாம வேற ஆருக்குச் சுத்தும்? மசக்கைதான். செலபேருக்கு ஏழு மாசம் வரைக்கும் இருக்கும்" என்றாள் என் அம்மா.

நீ பாயில் படுத்தபடியே சொன்னாய்: "மாமி, எனக்கு மசக்கை எப்பவோ தீந்தாச்சு. இது வண்டிக்க மசக்கை."

"வண்டிக்கு என்னட்டி மசக்கை?"

"மொத தடவை வெயிலு. படுதா சுருட்டிக் கெடந்துது. எனக்கு ஒரு கேடும் இல்ல. பொறவு ரெண்டு தடவையும் மழை, படுதா போட்டிருந்துது. ரெண்டு தடவையும் இப்பிடி ஆச்சு. மசக்கை மழை பாத்தா வரும்?"

வகுப்பில் நான் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்: ஒன்று மாறும்போது கூடவே இன்னொன்றும் மாறினால், இரண்டுக்கும் என்ன உறவு என்று பாருங்கள் என்று. நீ அதைப் படுத்துக்கொண்டே செய்திருந்தாய். அம்மா அசையவில்லை. "மழைன்னா குளிரு. குளிருன்னா மயக்கம். இன்னொரு தடவை இப்பிடி வந்து விழுந்தியானா ஆஸ்பத்திரியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். இங்கின பாத்துக்கிடலாம்" என்றாள். ஒரு பிள்ளையை இழந்த வீட்டில் அவளுடைய பயமும் நியாயம்தான். ஆனால் ஆஸ்பத்திரியை விட்டால் இந்தப் பிள்ளையும் தங்காது என்பது உன் பயம். உன் அண்ணனோ எழுந்து போய் வண்டியைத் துடைக்கத் தொடங்கினார். தன் வண்டியைக் குறை சொல்லிவிட்டாய் என்ற வருத்தம் அவர் முதுகிலேயே தெரிந்தது.

அடுத்த பயணத்தின்போது, நெய்யூரிலிருந்து திரும்பும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. உன் அண்ணன் படுதாவை இறக்கினார். நீ ஏறாமல் நின்றாய்.

"இஞ்ச பாருங்க. இந்த ஒருதடவை நீங்க எனக்க எடத்துல இருந்து வாங்க. நான் முன்ன இருக்கேன்."

"பொம்பள முன்சீட்டுல இருந்தா ஆளுவ என்ன சொல்லுவாவ?" என்றார் உன் அண்ணன்.

"கூடப் பொறந்தவனுக்க பக்கத்துல இருக்கான்னு சொல்லுவாவ. வண்டிய எடு."

நான் உன் மூலையில் உட்கார்ந்தேன். உள்ளே அரையிருட்டு. கான்வாஸில் மழை விழும் சத்தம். காலடியில் பலகைகளுக்கு இடையிலிருந்து லேசான வெதுவெதுப்பு வந்தது. முதலில் சுகமாகக்கூட இருந்தது. வில்லுக்குறி தாண்டியபோது நெற்றிப்பொட்டில் யாரோ விரலால் தட்டுவதுபோல இருந்தது. பார்வதிபுரம் வருவதற்குள் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

உன் அண்ணன் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உரக்கச் சிரித்தார். "மாப்ளைக்கும் மசக்கை வந்தாச்சே!"

நீயும் சிரித்தாய். வாயைத் துடைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். அவருடைய சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. இறங்கி வந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, படுதாவைத் தூக்கி உன் மூலையில் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து இருமல் கேட்டது. பிறகு இறங்கி மழையில் நின்றார்.

"எளவு... நான் இத்தன நாளும் இதுலயா எனக்க பிள்ளைய ஏத்திக்கிட்டு நடந்தேன்?"

உன்னை அவர் 'பிள்ளை' என்று சொன்னதை அன்றுதான் கேட்டேன். படுதாவை எல்லாம் சுருட்டிக் கட்டினார். ஓடும் காருக்குள் குடை பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தவர்கள் நாமாகத்தான் இருப்போம்.

மறுநாள் பின்பக்கத்துக் கால்பலகைகளை எடுத்துப் பார்த்தோம். நேர் கீழேதான் புகைக்குழாய் சைலன்சரோடு சேரும் இடம். இரண்டு வட்டத் தகடுகள், நடுவில் புகை கசியாமல் அடைக்கும் ஒரு பேக்கிங், மூன்று போல்ட்டுகள். தகட்டின் ஒரு பக்கம் முழுவதும் கரி படிந்து கிடந்தது. கைக்கு எட்டிய இரண்டு போல்ட்டுகளை உன் அண்ணன் உயிரைக் கொடுத்து இறுக்கியிருந்தார். எட்டாத மூன்றாவதை ஏதோ பேருக்கு இறுக்கிவிட்டிருந்தார். அரிசி டின் மூடியை ஒரு ஓரத்தில் மட்டும் அமுக்கினால் மறு ஓரம் எழும்புமே, அதுபோலத் தகடு கோணியிருந்தது. கோணிய வழியாகப் புகை வந்து, படுதாவுக்குள் அடைபட்டு, உன் பாதத்தில் தொடங்கி மூக்கு வரை ஏறியிருக்கிறது. அந்தப் புகையில் மணமே இல்லாத ஒரு நச்சுவாயுவும் உண்டு. அது தாய்க்கு மட்டுமல்ல, வயிற்றிலிருப்பதற்கும் கேடு. அதை உனக்கு அப்போது சொல்லவில்லை. பிள்ளை பிறந்த பிறகு சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றாய்.

உன் அண்ணன் ஸ்பானரை எடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்த இழுப்பில் ஒரு போல்ட்டின் தலை 'டப்' என்று தெறித்தது.

"உனக்க கோவத்த அதுல காட்டாத அண்ணா" என்றாய்.

"கோவமா? எனக்க கை அறியும்டி அளவு."

"உனக்க கை கோவத்துல ஒண்ணு அறியும், பசியில ஒண்ணு அறியும். அன்னைக்கு ஒண்ணு அறிஞ்சுது, அதான் நேத்து இவிய மரத்தப் பிடிச்சிட்டு நின்னாவ."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உடைந்ததைக் கழற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போனோம். பஸ் ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த, அவருக்குத் தெரிந்த ஒருவர் புது போல்ட்டும் பேக்கிங்கும் தந்தார். ஓரடி நீள ஸ்பானரின் நுனியில் இருபது ராத்தல், இன்றைய கணக்கில் ஒன்பது கிலோ, பலத்துக்கு இழுத்தால் இந்த போல்ட்டுக்குப் போதும், மூன்றும் ஒன்றுபோல இருக்கவேண்டும் என்றார். வழியெல்லாம் உன் அண்ணன் புலம்பிக்கொண்டே வந்தார்: "இருபது ராத்தல்னா? எனக்க கையில தராசா தொங்குகு?"

வீட்டில் அதைச் சொன்னபோதுதான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். போதும் என்று அதற்கு எப்படித் தெரியும்? நான் கதவை உதாரணம் காட்டினேன். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் கஷ்டம், விளிம்பில் தள்ளினால் சுலபம். பலம் எவ்வளவு என்பதோடு, எவ்வளவு தள்ளி நின்று கொடுக்கிறோம் என்பதும் சேர்ந்ததுதான் முறுக்கு என்று விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு நீ, "அப்போ தராசுதானே வேணும்? உங்க பள்ளிக்கூடத்துல வில்லுத் தராசு இருக்குன்னு சொன்னியளே" என்றாய்.

தலைமையாசிரியரிடம் கேட்டு அதைக் கொண்டுவந்தேன். கொக்கியில் பொருளைத் தொங்கவிட்டால் உள்ளே சுருள்வில் நீண்டு, முள் எடையைக் காட்டும் தராசு. ஸ்பானரைப் படுக்கையாக நட்டில் மாட்டி, நட்டின் நடுவிலிருந்து ஓரடி தள்ளிக் கொக்கியைப் போட்டோம். பலகை எடுத்த இடைவெளி வழியாக உன் அண்ணன் தராசை நேர் மேலே இழுக்க வேண்டும். சரிந்து இழுத்தால் கணக்குத் தப்பும் என்பதால் அதைப் பார்ப்பது என் வேலை. நீ உன் மூலையில், சீட்டின்மேல் காலைத் தூக்கி மடக்கி உட்கார்ந்து, முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஒன்றை ஒரே மூச்சில் முடிக்காமல், மூன்றையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். கடைசிச் சுற்றில் முள் ஏறியது.

"போதும்" என்றாய்.

"இன்னும் ஒரு பிடி பிடிக்கட்டா மக்கா? உனக்காச்சுட்டிதான் கேக்கேன்."

"எனக்காச்சுட்டி விடு. போதும்னா போதும்."

அவர் கையை விட்டார். தங்கைக்காகச் செய்யும் ஒன்றை அவர் அளவோடு நிறுத்தியது அன்றுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி தராசை மாட்டினோம். பேக்கிங் அமுங்கியதில் முறுக்கு குறைந்திருந்தது. அதையும் சரிசெய்தோம்.

அம்மா இன்னும் இறங்கி வரவில்லை. "அவள ஏத்திப் பரீச்சை பாக்க நான் விடமாட்டேன்" என்றாள். நல்ல மழை வந்த ஒருநாள், உன் அண்ணன் வேறொரு டிரைவரை ஓட்டச் சொல்லிவிட்டு, படுதாவை எல்லாம் இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு, தானே உன் மூலையில் உட்கார்ந்து நெய்யூர் வரைக்கும் போய்த் திரும்பினார். நாம் மூவரும் வாசலில் நின்றோம். நீ என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாய். வண்டி வந்து நின்றது. படுதா விலகியது. இறங்கி, நேராக நின்று, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

அம்மா கேட்டாள்: "என்னடே, மசக்கை உண்டா?"

"இல்ல அத்தே. தெளிஞ்சாச்சு."

அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கான துணியை அம்மாவே மடித்துப் பையில் வைத்தாள். அந்த வண்டியில்தான் பிரசவத்துக்குப் போனாய். அந்த வண்டியில்தான், வெளியே மழை கொட்ட, படுதா போட்டு, மகளை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாய். அவள் வழிநெடுகத் தூங்கினாள். நீ அடிக்கொருதரம் குனிந்து அவள் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டாய்.

பிறகு எத்தனை 'போதும்' கேட்டிருக்கிறேன் உன்னிடம். சோறு பரிமாறும்போது, பிள்ளைகளை நான் திட்டும்போது, ஒரு உதாரணம் போதுமான இடத்தில் நான் மூன்று சொல்லும்போது. கடைசி நாட்களில் நீ கட்டிலில் இருந்தபோது, உன் தண்ணீர் பாட்டிலை நான் அழுத்தி மூடி வைப்பேன். சிந்திவிடுமோ என்று எனக்குப் பயம். ஒருநாள் என் கையைப் பிடித்து நிறுத்தி, "போதும். நான் தொறக்க வேண்டாமா?" என்று சிரித்தாய். இப்போதும் எந்த மூடியை மூடினாலும், கடைசி அரைத் திருகலுக்கு முன் என் கை தானாக நின்றுவிடுகிறது. அது உன் குரல் கேட்டு நிற்பது.

சைலன்சர் மாற்றிய காரில் மகள் என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். "முன்னால இருங்கப்பா" என்றாள். நான் பின்சீட்டில், இடது மூலையில் ஏறினேன். காரணம் கேட்டாள், வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். தன் உயிரைப் பற்றிய கதை அது என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும். வீடு வந்ததும் இறங்கி, பின்கதவைத் திறந்து, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

உனக்கு எழுதும் இதை வேறு யாராவது வாசித்தால், அவர்களுக்கு ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டில் ஒருவர் தனக்கு என்னவோ செய்கிறது என்று சொன்னால், அதற்கு ஒரு பெயர் வைக்குமுன், அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருமுறை போய் உட்கார்ந்து பாருங்கள்.