பள்ளத்தில் இறங்கும் பனி

அரியலூர்
தை மாதம், 1984

அன்பு மகன் தங்கராசுக்கு அம்மா எழுதுவது. இங்கே உயிரோடு இருக்கிறேன், அதையே சுகம் என்று வைத்துக்கொள். நீயும் மருமகள் கண்ணகியும் அந்த ஊட்டிக் குளிரில் என்ன பாடுபடுகிறீர்களோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் கடிதம் பொங்கல் கழித்து வந்தது. ஒரே ராத்திரி உறைபனியில் தக்காளியும் பீன்ஸும் வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துவிட்டன என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு அழுதேன், அப்புறம் கோபம்தான் வந்தது. புரட்டாசியில் நாற்று விட்டு ஐப்பசி மழையில் பிடுங்கி நடுவது நம் கரிசல் காட்டுக்குச் சரி, மார்கழியில் புல்லே கருகுகிற ஊரில் அது விளங்குமா? அதிலும் ஓடையோரப் பள்ளமாகப் பார்த்துக் குத்தகைக்குப் பிடித்திருக்கிறாய். ஏரிக்குக் கீழே பயிர் வைத்து வளர்ந்தவனுக்குத் தண்ணீரைக் கண்டால் விட மனம் வராது. ராத்திரியில் குளிர் இறங்கி வந்து அந்தப் பள்ளத்தில்தான் தேங்குமாம், சரிவில் நிலம் பார் என்று பக்கத்து நிலத்துக்காரர் சொல்லியும் நீ கேட்கவில்லையாம். இதையும் நீயேதான் எழுதியிருக்கிறாய்.

ஊருக்கே திரும்பி வந்து, அண்ணனிடம் கேட்டு ஏரிக்கொல்லையில் வெங்காயம் போடுகிறேன் என்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். உன் அண்ணன் பஞ்சநாதன் உனக்குச் சொல்லக்கூடாது என்றான், நான் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கொல்லை இப்போது நம்முடையது இல்லை. சுண்ணாம்புக்கல் எடுக்க ஆவணியிலேயே விற்றுவிட்டான். தம்பியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றதற்கு, "அவன்தான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டானே, இன்னும் அவன எதுக்குக் கேக்கணும்" என்கிறான். அண்ணனோடு சண்டை போட்டு, என் பங்கையும் நீயே வைத்துக்கொள் என்று ரோஷத்தில் நீ பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோது நான் எவ்வளவு கெஞ்சினேன், யார் கேட்டீர்கள்? இப்போது அங்கே பெரிய குழிதான் கிடக்கிறது. வெடி வைத்தால் அடுப்பில் உலை அதிர்கிறது. அவன் மாடி எழுப்புகிறான், நான் அவன் போடுகிற சோற்றைத் தின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். பெற்ற பிள்ளை வீட்டில் இப்படிப் பயந்து இருப்பேன் என்று நினைக்கவில்லை.

ஆகவே அங்கேயே பிழைக்கிற வழியைப் பார். நம்மூர் ஆடி, ஐப்பசிக் கணக்கை மறந்துவிடு. அங்கே வெகுநாளாகப் பயிர் வைக்கிற நாலைந்து பேரிடம், முதல் பனி எப்போது விழும், கடைசிப் பனி எதுவரை விழுந்திருக்கிறது என்று கேள். ஆளுக்கொன்று சொல்வார்கள், கடைசிப் பனிக்கு அவர்கள் சொல்வதில் எந்த நாள் ரொம்பப் பின்னால் வருகிறதோ அதையே பிடித்துக்கொள். நாற்றங்காலை மேட்டில் வை, ராத்திரி காய்ந்த புல்லால் மூடி, வெயில் வந்ததும் எடுத்துவிடு. நடுவில் இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது என்று அவசரப்பட்டுப் பிடுங்கி நட்டுவிடாதே. பனி சுத்தமாக ஓய்ந்தபின் நடு, அடுத்த பனி தொடங்குமுன் காய் பறித்து முடிகிறதாகப் பார்த்து விதை. குத்தகையையும் சரிவுக்கு மாற்றிக்கொள்.

திருமழபாடி ஈசன் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். கண்ணகியை விடியற்காலையில் பனியில் நிற்கவிடாதே. வெங்காயம் போட இங்கே வராதே. பங்குனியில் என்னைக் கூட்டிக்கொண்டு போக மட்டும் வா. நாற்று நட எனக்கு இன்னும் குனிய முடியும்.

இப்படிக்கு,
உன் அம்மா
செங்கமலம்