பிப்ரவரியில் எழுப்பிய மீன்கள்

அவுட்வெல்,
23 பிப்ரவரி 1987

அன்பு மகள் ஜில்லியனுக்கு,

அப்பா எழுதுகிறேன். கடிதம் எழுதுவது எப்போதும் உன் அம்மாவின் வேலை. உறையின் மேல் என் கோழிக் கிறுக்கலைப் பார்த்ததுமே என்னவோ ஏதோ என்று அவசரமாகப் பிரித்திருப்பாய். தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து, அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். போனில் சொல்ல வழியில்லை. அதை அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

முதலில் மீன் சமாச்சாரம். நம் தோட்டத்துக் குளத்தில் சேற்றோடு கிடக்கிற டென்ச் மீன்கள் இப்போது ஆறு இல்லை, நான்குதான். இரண்டைக் கொன்றது நான்தான்.

வடிகாலைத் தூர்வாரும்போது என் பொக்லைன் அள்ளிப்போட்ட சேற்றில் துடித்துக்கொண்டிருந்தவற்றை வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான்தான். ஆனால் அவற்றை மீன் என்று மதித்து வளர்த்தவள் உன் அம்மா. பக்கத்து வீட்டு கிளிஃபர்ட் தன் ஜப்பான் மீன்களைக் காட்டி, கண்ணுக்கே தெரியாத மீனை வளர்த்து என்ன பிரயோசனம் என்று அவளைச் சீண்டுவான். "உன் மீனுங்க கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி மினுக்கிக்கிட்டுத் திரியுது. என் மீனுங்களுக்கு வேலை இருக்கு," என்பாள். அடியிலிருந்து பொடிப்பொடியாக நீர்க்குமிழிகள் வந்தாலே போதும், சேற்றைக் கிளறி மேய்கின்றன என்று அவளுக்கு நிம்மதி. ஆனால் நவம்பரில் சேற்றுக்குள் போய்ப் படுத்தால் தண்ணீர் சூடேறி அவை எழுந்து வர மே மாதம் ஆகிவிடும்.

ஜனவரிக் குளிரில் அவள் நெஞ்சு ரொம்பவும் கெட்டுவிட்டது. உன்னிடம் சாதாரணச் சளி என்று சொல்லியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அவள் சிரித்துப் பேசுகிறாள், இல்லையா? அதற்காக சனிக்கிழமை முழுக்க வாயே திறக்க மாட்டாள். நீ போனை வைத்த பிறகு ஒரு மணி நேரம் உதடு நீலமாகவே இருக்கும். ஆக்ஸிஜன் குழாயைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஆஸ்பத்திரி நடையில் டாக்டர் என்னைத் தனியே நிறுத்தி, ஏப்ரலில் ஈஸ்டர் வரை இருந்தால் அதிர்ஷ்டம் என்றார். நான் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் ஜன்னல் வழியாகக் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அதுங்களைப் பார்க்க மாட்டேன் போலிருக்கு என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது.

கிளிஃபர்டிடம் மின்சார ஹீட்டரை வாங்கிக் குளத்தில் இறக்கினேன். பழைய ஜன்னல் கண்ணாடிகளால் பாதிக் குளத்தை மூடினேன். கொட்டகையில் வேலை என்று அவளிடம் பொய் சொன்னேன். ஐந்தாம் நாள் காலை குமிழிகள் வந்தன. பிறகு ஒரு பச்சை முதுகும் அந்தச் சிவப்புக் கண்ணும் மேலே வந்தன. நான் குழந்தைபோல ஓடிப்போய், அவளைக் கம்பளியில் சுற்றி நாற்காலியோடு சமையலறை வாசலுக்குத் தூக்கிவந்தேன்.

அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு இது என்ன மாதம் என்று கேட்டாள். சொன்னேன்.

"தூங்கறதுகளை எனக்காகவா எழுப்பினே, கிளெமென்ட்? குளத்துல ஒரு புழு பூச்சி கிடையாது. அதுங்க எதைத் திங்கும்?"

அந்தக் கோபத்துக்குப் பயந்து நான் அவசரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக ஆறவிட்டிருக்க வேண்டும். முப்பது வருஷம் தண்ணீரிலேயே வேலை பார்த்தவனுக்கு அது தெரியவில்லை. மறுநாள் உறைபனி. வியாழக்கிழமை இரண்டு மீன்கள் பனிக்கட்டிக்கு அடியில் வயிறு மேலாகக் கிடந்தன. மூடி மறைக்காமல் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதுதான் என்னை இன்னும் அறுக்கிறது.

"இதே மாதிரி ஜில்லியனையும் கிளப்பிவிட்டுடாதே. அவ பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் ஜூன்ல வரட்டும். அப்ப நான் நல்லா இருப்பேன்."

இரண்டு வருஷத்துக்கு முன் நான் பயந்துபோய்த் தந்தி அடித்து, நீ கனடாவிலிருந்து பதறி ஓடிவந்து, அங்கே உன் வேலை போனது. வந்து பார்த்தால் அவள் எழுந்து உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அதை அவள் இன்னும் மறக்கவில்லை. இப்போது அங்கேயே வேறொரு பள்ளியில் நீ தலைமை ஆசிரியை. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் செய்து கொடுத்தேன்.

எது சரி என்று எனக்குத் தெரியவில்லை, மகளே. மீன் விஷயத்தில் அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அவள் ஆசைப்பட்டதைக் கொடுக்கப்போய் இரண்டு உயிரை எடுத்தேன். இப்போது என் ஆசைக்காக உன் பிழைப்பில் மறுபடி கை வைக்கிறேனோ என்று மூன்று நாளாக இந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நீ போனில் ஜூன், ஜூன் என்று சொல்லும்போது அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். அதை நீ பார்க்கவில்லை, நான் பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே பனி அதிகம் என்று ரேடியோவில் சொன்னார்கள். கார் ஓட்டும்போது நிதானம். கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வீட்டுக்குள் வந்ததும் அப்பா எழுதினார் என்றே அவளிடம் சொல்லிவிடு. சத்தியத்தை மீறினதற்கு அவள் என்னை நன்றாகத் திட்டட்டும். திட்ட அவளுக்கு மூச்சு இருக்கும்போதே வந்துவிடம்மா.

உன் அப்பா,
கிளெமென்ட் செட்செல்