பேட்டரி வண்டி படகு இழுத்த கதை

அன்பு மகன் சேரனுக்கு, பட்டினப்பாக்கத்திலிருந்து உன் அம்மா எழுதுவது. நான், அப்பா, உன் தங்கை தமிழ்மொழி மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். புயலும் நம்மை ரொம்பச் சோதிக்காமல் வடக்கே போய்விட்டது. நீயும் அங்கே ஆஸ்திரேலியாவில், பெர்த்தில், வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, வேலைக்குப் போய் வருகிறாய் என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டு எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் பாதியில் உங்கப்பா வாங்கிக்கொள்கிறார், அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் பேட்டரி வண்டியா டீசல் வண்டியா என்று ஆரம்பித்துச் சண்டையில் முடிக்கிறீர்கள், நான் பக்கத்தில் நின்று உன் குரலைக் கேட்பதோடு சரி. உன் சிநேகிதன் லாரன்ஸ் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை பெர்த்துக்குக் கிளம்புகிறான். அவன் கையில் கொடுத்தால் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அந்தப் பெரிய பேட்டரி பிக்கப் வாங்கலாமா, சின்னப் படகைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு மணல் பாதையில் கடற்கரைக்குப் போக முடியுமா என்று கேட்டாய் அல்லவா, அப்பா யோசிக்காமலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கு என் சின்ன பேட்டரி சரக்கு வண்டியைக் கண்டாலே ஆகாது என்பது உனக்குத் தெரியும். நான் அதில் காசிமேட்டில் மீன் எடுத்து வந்து மந்தைவெளியிலும் கோட்டூர்புரத்திலும் விற்றுவிட்டுத் திரும்புகிறேன், ஒரு நாளும் வழியில் நின்றதில்லை, ஆனாலும் அவர் வாயில் அது பொம்மை வண்டிதான். இத்தனை நாளில் ஒரு தடவைகூட ஏறி உட்கார்ந்ததில்லை. சத்தம் போடாத இன்ஜினை எப்படி நம்புவது என்பார். நீ கேட்டதற்கு எனக்கும் பதில் தெரியாமல்தான் இருந்தது, புயல் வந்துதான் தெரிந்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், லாரன்ஸ் கூட்டியும் குறைத்தும் சொல்வதற்கு முன்னால் என்னிடமிருந்து தெரிந்துகொள்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே எல்லாப் படகையும் மேட்டில் ஏற்றச் சொல்லிவிட்டார்கள். கடல் அப்போதே ஒரு மாதிரி கலங்கி, அலை படகு நிற்கிற இடத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல டிராக்டர் வந்து ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தபோது நடு மணலில் புகை கிளம்பி நின்றுவிட்டது. கிளட்ச் எரிந்துவிட்டது, சாமான் வராமல் அசையாது என்று டிரைவர் இறங்கிவிட்டான். எல்லாக் குப்பத்திலும் அன்றைக்கு அதே வேலை, வேறு டிராக்டருக்குச் சொல்லி அனுப்பினால் சாயந்தரம் என்றார்கள். கீழே ஆறேழு படகு நிற்கிறது, அதில் நம்முடையதும் ஒன்று. இன்ஜினையும் வலையையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டோம், வெறும் படகைத்தான் இழுக்க வேண்டும், அதுவே எத்தனை கனம் என்று உனக்குத் தெரியாதா. போன வருஷம் அப்பாவுக்குத் தோள்பட்டை பிசகியதிலிருந்து கயிறு பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவரானால் முதல் ஆளாகப் போய்க் கயிற்றைப் பிடிக்கிறார். என் வண்டியைக் கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். அதற்கு உங்கப்பா அத்தனை பேருக்கு முன்னால், “மீன் பொட்டி தூக்கற டப்பா படகு இஸ்துகினு வருமா, நீ ஊட்டுக்குப் போ தேவானை” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்குப் போய் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக மணலில் இறக்கிவிட்டேன்.

அது என் முட்டாள்தனம், மறைக்க மாட்டேன். பத்தடி போனதும் பின் சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை, மிதிக்க மிதிக்கக் குழி தோண்டிக்கொண்டு இறங்கியது. அடியில் இருக்கிற பேட்டரியே ஒரு பாரம், அது மணலோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டது. இன்னும் சிரித்தார்கள். அப்போதுதான் லாரன்ஸ் சாந்தோமிலிருந்து மழைக்கோட்டும் அரை டிரவுசருமாக வந்து சேர்ந்தான். நாலு சக்கரத்திலும் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கினான், அங்கே பெர்த்தில் மணலில் போகிறவர்கள் எல்லாரும் முதலில் இதைத்தான் செய்வார்களாம், டயர் அகலமாக உட்கார்ந்தால் புதையாதாம். பையன்கள் தள்ளினார்கள், முதலில் நம்பவே முடியவில்லை, மெதுவாக ஏறி வெளியே வந்துவிட்டது. சரி, இனிமேல் படகுக்குப் பக்கத்தில் போகலாம் என்று லாரன்ஸ் சொன்னான். எனக்கு மனசு ஒப்பவில்லை. படகு கிட்டே வண்டி எதற்குப் போக வேண்டும், கயிறு போனால் போதாதா என்று தோன்றியது. லூப் ரோட்டை அன்றைக்குப் போலீஸ் அடைத்துவிட்டதால் போக்குவரத்து இல்லை. ரோட்டைத் தாண்டி நம் சந்துக்குள் சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, நங்கூரக் கயிறுகளை ஒன்றோடு ஒன்று முடிந்து, லாரன்ஸ் வண்டிக்கு அடியில் படுத்து இரும்புச் சட்டத்தில் கட்டினான். படகுக்குக் கீழே உருட்டுக் கட்டை போட்டார்கள். நான் மெதுவாக மிதித்தேன்.

சேரா, வண்டி சத்தமே போடவில்லை. கயிறு விறைத்துக்கொண்டு முறுகுகிற சத்தம் மட்டும் கேட்கிறது, திரும்பிப் பார்த்தால் படகு மணலில் ஊர்ந்து வருகிறது. டிராக்டர் மாதிரி உறுமல் இல்லை, குலுக்கல் இல்லை, கிளட்ச் நாற்றம் இல்லை. நத்தை வேகத்தில் இழு என்றால் நத்தை வேகத்தில் இழுக்கிறது. சந்து முடிகிற இடத்தில் நின்று, படகு நழுவாமல் கட்டையை அண்டை கொடுத்து, வண்டியைப் பின்னால் எடுத்து, கயிற்றைக் குட்டையாக்கிக் கட்டி மறுபடி இழுப்போம். முதல் படகு மேலே வந்ததும் சிரித்தவர்கள் எல்லாரும் அடுத்தது என்னுடையது என்று சண்டைக்கு நிற்கிறார்கள். நம் படகைத்தான் அடுத்து எடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். உங்கப்பா ஒத்துக்கொள்ளவில்லை. நம்ம வண்டியில் நம்ம படகை முதலில் ஏற்றினால் ஊர் என்ன பேசும், எல்லாருடையதும் ஏறட்டும், நம்முடையது கடைசியில் வரட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் வாயில் அது நம்ம வண்டி ஆனதை நான் கவனித்தேன், மழைத் தண்ணீர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, சிரித்தாலும் யாருக்கும் தெரியாது.

இப்போது குறையைச் சொல்கிறேன், இதை நீ கவனமாகப் படி. எனக்கு இரண்டு நாள் வியாபாரத்துக்கு வருகிற சார்ஜ், மூன்று படகுக்குள் பாதியாகிவிட்டது. நம் படகின் முறை வரும்போது முன்னால் இருக்கிற பலகையில் ஆமைப் படம் வந்துவிட்டது. அது வந்தால் வண்டிக்குப் பலம் போய்விட்டது என்று அர்த்தம், என்ன மிதித்தாலும் தவழத்தான் செய்யும். வீட்டில் சார்ஜ் போடலாம் என்றால் புயலுக்காகக் கரண்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அலையானால் படகின் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. ஒரு பெரிய அலையில் படகு பக்கவாட்டில் திரும்பிவிட்டது, அப்பா இடுப்புத் தண்ணீரில் நின்று அதைத் தள்ளிப் பிடிக்கிறார், போனால் படகோடு அவரும் போவார் போலிருந்தது. நான் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. அப்போது யார் கூப்பிட்டார்கள் என்று தெரியாது, சனங்கள் எல்லாரும் கயிற்றுக்கு வந்துவிட்டார்கள். தங்கள் படகு கரையேறிவிட்டவர்கள், படகே இல்லாதவர்கள், தலையில் பாலிதீன் கவரைக் கட்டிக்கொண்டு பெண்கள், புயலுக்குப் பயந்து பெரும்பாக்கத்திலிருந்து வந்து நம் வீட்டில் தங்கியிருந்த உன் சின்னம்மா, புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்த தமிழ்மொழி, லாரன்ஸ் எல்லாரும். வண்டி ஆமையாகத் தவழ, அவர்கள் கையால் இழுக்க, நம் படகு ரோட்டோரம் வந்து சேர்ந்தது. வண்டியும் சந்துக்குள்ளேயே அணைந்து நின்றுவிட்டது. மழை வலுத்ததும் ஒதுங்க இடமில்லாமல் உங்கப்பா கதவைத் திறந்து என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சீட்டு நல்லாத்தான் கீது என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து எல்லாரும் தலை துவட்டிச் சாப்பிட உட்கார்ந்தபோது லாரன்ஸ் உன் பிக்கப்பைப் பற்றிப் பேசினான். முன்னே அவனும் உன்னைக் கிண்டல் செய்தவன்தானே, இப்போது அவனே அதற்குப் பரிந்து பேசுகிறான். இதைவிடப் பல மடங்கு பலம், நாலு சக்கரமும் இழுக்கும், படகு அதற்கு ஒரு பாரமே இல்லை, ஆனால் பின்னால் ஒன்றைக் கட்டி இழுத்தால் போகிற தூரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும், பெர்த்திலிருந்து வடக்கே போனால் சார்ஜ் போடுகிற இடமும் தூரம் தூரம் என்றான். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, “அங்க சார்ஜ் பூட்ச்சின்னா யாரு வந்து கயித்தப் புடிப்பா?” என்று கேட்டார். லாரன்ஸ் அப்போதுதான் சொன்னான், அவன் ஷிப்ட் வேறு, உன் ஷிப்ட் வேறு, லீவு நாளில் நீ பெரும்பாலும் தனியாகத்தான் போகிறாய், காலையில் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு இருட்டியதும் திரும்பி வருகிறாய் என்று. எனக்கு இது தெரியாது சேரா. நண்பர்களோடு போனேன் என்று நீ போனில் சொல்வதையெல்லாம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்ப் படகுக்குப் பக்கத்தில் நின்றார். நான் குடை எடுத்துக்கொண்டு போனேன். “வண்டி எத வோணா வாங்கிக்கட்டும் தேவானை, தனியா மட்டும் போவாதன்னு எழுது” என்றார். போனில் அவர் போட்ட சண்டையெல்லாம் இதுக்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது, அவருக்கே அப்போதுதான் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதனால் என் பதில் இது. ஆசைப்பட்டதை வாங்கு. மணலில் இறங்குமுன் காற்றை இறக்கு, ரோட்டில் ஏறியதும் மறக்காமல் நிரப்பு. கெட்டித் தரையில் நின்று இழுக்க முடிந்தால் மணலுக்குள் போகாதே. பாதி சார்ஜில் எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிடு, மீன் மாட்டுகிறதே என்று இன்னும் கொஞ்சம் போகாதே, உனக்கு அந்தப் புத்தி உண்டு. உப்புத் தண்ணீர் பட்டால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடியைக் கழுவு. நம் வண்டி கரண்ட் வந்ததும் சார்ஜ் ஏறி மறுபடி ஓடுகிறது, அடியில் மணல் மட்டும் இன்னும் கொட்டிக்கொண்டே இருக்கிறது. தமிழ்மொழி தினமும் கோட்டூர்புரம் லைப்ரரியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறாள், கயிறு இழுத்த கையில் கொப்புளம் போட்டும் ஒரு நாள் விடவில்லை, அவளுக்கு ஒரு வார்த்தை நல்லதாகச் சொல். சின்னம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, ராத்திரி சாப்பாட்டை ரொட்டியோடு முடித்துக்கொள்ளாதே. கடல் எந்த ஊரில் இருந்தாலும் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும், உன் கையும் காலும் எப்போதும் பலமாக இருக்கட்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்று மட்டும் மறக்காதே. வண்டி வாங்கியதும் வண்டியின் படம் அனுப்புவாய், அது வரட்டும், அதோடு லீவு நாளில் உன்னுடன் வரப்போகிற ஆளின் பேரையும் எழுது. வேலை செய்கிற இடத்தில் யாராவது இருக்கலாம், பக்கத்து வீட்டுக் கிழவராக இருக்கலாம், யாராக இருந்தாலும் சரி. அது ஒரு பெண்ணின் பேராக இருந்தாலும் பயப்படாமல் எழுது, உங்கப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
வே. தேவானை