மஞ்சள் மிதவை ஒதுங்கிய கரை

மகளே,

உன் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று எழுதியதில் மாற்றமில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பும்போது உன் அம்மா என் முகத்துக்கு நேரே சொன்னதை நான் மறக்கவில்லை: "கடல் தண்ணிகூட உலகத்தைச் சுத்திட்டுத் திரும்பி வந்துடுது. உங்க கோபம் மட்டும் நின்ன எடத்துலயே நிக்குது."

இது வேறு விஷயம். நீங்கள் இருவரும் என்னை விட்டுப் போன அந்த வருடம், நீ கண்ணும் மூக்கும் வரைந்து என் ஆய்வுக் கப்பலிலிருந்து கடலில் விட்டாயே, அந்த மஞ்சள் மிதவை. காற்று மேல்நீரைத் தள்ளும், பூமியின் சுழற்சி அதை வளைக்கும், கண்டங்கள் மறித்துத் திருப்பும். அதனால் மிதவை பெருங்கடலைச் சுற்றிவிட்டு நம்மிடமே வரும் என்று சொல்லியிருந்தேன்.

வரவில்லை. அடியில் தொங்கிய துணிக்குழாய் அறுந்துவிட்டது. அது போனால் மிதவை நீரோட்டத்தின் பிடியில் இருக்காது, காற்று தள்ளிய பக்கம் போகும். இப்போது உன் ஊர்க் கடற்கரைப் பாறைகளில் சிக்கியிருப்பதாக அதிலுள்ள கருவியின் சிக்னல் காட்டுகிறது.

"பழைய மிதவைக்கு யாராவது லீவு போடுவாங்களா சார்?" என்று ஆய்வகத்தில் சிரிக்கிறார்கள். நான் டிக்கெட் எடுத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து இறங்குவேன்; அன்றுதான் விமானம் கிடைத்தது.

பாறை வழுக்கும். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். வேறு யாரையும் அனுப்பாதே, நீயே வா.

அப்பா