மூன்று ஊரில் மூன்று வாரம்

2025 மார்ச் 9, ஞாயிறு
எனக்கு எழுத்து வராது. பேசினால் போன் எழுதிக்கொள்ளும் என்று மருமகள் விஜயகலா காட்டித் தந்தாள். றக்வான கடைத்தெருவில் காளிதாஸ் முதலாளி கடையில் கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு. அதே கடையில் முப்பத்தொரு வருடம் மூட்டை இறக்கியவன் நான்.

முதலாளி இருக்கும்போது பெந்தோட்டை, பண்டாரவளை, பாசிக்குடா என்று மூன்று விடுதிகளில் வருடத்துக்கு ஒவ்வொரு வாரம் தங்கும் உரிமை வாங்கிப் போட்டார். பிள்ளைகளும் மூன்று பேர். வெளிநாட்டிலிருந்து ஆளுக்கொரு வாரத்தில், ஆளுக்கொரு ஊருக்கு வந்து போகிறார்கள். முதலாளியின் மனைவி அன்னலட்சுமி அம்மாதான் ஊர் ஊராய்ப் போய்ப் பார்க்கிறார். மூவரையும் ஒன்றாய்ப் பார்த்தது ஆறு வருடத்துக்கு முன், முதலாளியின் கருமாதியில்.

மார்ச் 16
அம்மா இன்று, "மூணு பேரையும் ஒரே எடத்துல பாக்கணும் கந்தையா" என்றார்.

விஜயகலா சொன்னாள்: "பாக்கலாம்மா. மூணும் ஒரே மெம்பர்ஷிப்லதானே இருக்கு. மூணு வாரத்தையும் விடுதிக் கம்பனிகிட்ட குடுத்துட்டு, ஒரே ஊர்ல மூணு வீடு கேப்போம்."

இப்படியும் மாற்றலாம் என்று முதலாளிக்கே தோன்றவில்லையே.

மே 11
பாசிக்குடாவில் மூன்று வீடு கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் முதல் வாரம். அம்மா தேதி கேட்டார். நாலாம் தேதி திங்கள் முதல் அடுத்த திங்கள் வரை என்று நான் சொல்லிவிட்டேன்.

மே 20
என்ன காரியம் பண்ணிட்டேன். விடுதிக்கு வாரம் சனிக்கிழமை தொடங்குதாம். ரெண்டாம் தேதியிலிருந்து ஒன்பது வரைக்கும். நான் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன் — திங்கட்கிழமை காலை ஆளெண்ணும் பிரட்டில் பேர் கொடுத்தால்தான் எங்களுக்கு வாரம் பிறக்கும். பிள்ளைகள் மூவரும் என் பேச்சை நம்பி டிக்கெட் எடுத்தாச்சு. கடைசி ரெண்டு ராத்திரி எங்க படுப்பாங்க?

விஜயகலா திட்டவில்லை. "நீங்க வாயத் தொறந்ததுக்கு நான் இன்னும் நாலு மெயில் அடிக்கணும் மாமா. போய் டீ போடுங்க."

போட்டுக் கொடுத்தேன்.

மே 21
அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் காலண்டரில் வட்டம் போட்டிருந்த நாலாம் தேதியையே பார்த்தார். அதுதான் தாங்கவில்லை.

மே 29
திங்கட்கிழமை வாரம் தொடங்கும் விடுதியும் இருக்கிறதாம். திருகோணமலையில். பாசிக்குடாவை விட்டுக்கொடுத்து விஜயகலா அதைக் கேட்டாள். இரண்டு வீடுதான் இருந்தது. மூன்றாவதுக்காக ஒன்பது நாள் கம்பனிப் பெண்ணைத் தங்கச்சி மாதிரி "நங்கி" என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் பேசினாள். ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை. இன்று மூன்றும் கிடைத்தது, பக்கத்துப் பக்கத்து வீடு. நான் பார்த்த எந்தக் கங்காணியும் மூன்று கூட்டத்தை இப்படி ஒரே மலையில் கொண்டுவந்து நிறுத்தியதில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய், திருகோணமலை
நேற்று எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். அம்மா எங்களையும் விடவில்லை; என் மகன்தான் வேன் ஓட்டினான். எங்கள் மூவருக்கும் மூன்றாவது வீட்டில் இடம்.

காலையில் விஜயகலாவோடு பார்க்கப் போனேன். இரண்டாவது வீட்டில் கட்டில் விரிப்புகூடக் கலையவில்லை. முதல் வீட்டு ஹாலில், மெத்தைகளைத் தரையில் இழுத்துப் போட்டு, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாய்ப் பத்துப் பேர். நடுவில் அம்மா, பேரன் ஜனார்த்தனனின் காலைத் தன் மேலிருந்து தள்ளாமல் தூங்குகிறார்.

"ஒரு வீடே போதுமாயிருந்திருக்கும் மாமா," என்று சொல்லி விஜயகலா கதவை மெதுவாகச் சாத்தினாள்.